ஒருவர் கையெழுத்தே போதும்

என் அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று என் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. தினமும் காலையில் அவர் சட்டை மாட்டும்போது அம்மா சமையலறை வாசலில் வந்து நிற்பாள். "காய்க்கு" என்பாள். சில நாள் "பாலுக்கு" என்பாள். அவர் எடுத்துக் கொடுப்பார். முகம் சுளித்துக் கொடுத்ததில்லை, குறைத்துக் கொடுத்ததில்லை. ஆனால் கேட்காமல் கொடுத்ததும் இல்லை. குரோம்பேட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக நான் சேர்ந்த பிறகு, மாதக் கடைசியில் தரும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடு என்று யாரும் சொல்லவில்லை. வேறு மாதிரி செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் அம்மாவுக்குப் பின்னால் நானும் நின்றேன், ரயில் சீசன் டிக்கெட்டுக்காக.

நான் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன் வீட்டில் எல்லாம் தலைகீழ். தாம்பரத்தில் ஒரு மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவன் அவன். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரன். அவன் அப்பா கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனை அவன் அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் விற்பார். விற்ற காசு அவர் இடுப்பில் இருக்கும். மிச்சம் வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். வலைக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு, மகனின் காலேஜ் ஃபீஸுக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது அவர்தான். பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அவன் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதும் இல்லையாம்.

குப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டில் ஒரு வருடம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவனுக்கு நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. கல்யாணம் முடிந்து சேலையூரில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தோம். இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. கம்ப்யூட்டர் வகுப்புக் காலத்திலிருந்தே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். என் அம்மா எதிரில் மட்டும் நான் "நீங்க"வுக்கு மாறிக்கொள்வேன்.

முதல் மாதக் கடைசியில் பழக்கதோஷமாக என் கவரை அவனிடம் நீட்டினேன். பக்கத்து வீட்டுத் தபாலைத் தவறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதைப் போல அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன இது?"

"சம்பளம்."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப எங்கிட்ட எதுக்குத் தர்ற?"

அவன் எழுந்துபோய்த் தன் சட்டைப் பையிலிருந்து ஏ.டி.எம். கார்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். "நானே இதை உங்கிட்ட தரணும்னு நெனச்சிருந்தேன். எங்க வீட்ல அம்மாதான் வெச்சிருப்பாங்க. நம்பர் எழுதித் தர்றேன்."

கவர் அவன் முன்னால், கார்டு என் முன்னால். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரவர் வீட்டில் பார்த்ததை அவரவர் எடுத்து நீட்டியிருந்தோம். ஒரு வீட்டில் ஆணுக்கு மட்டும் தெரியும். இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு மட்டும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிகிற வீட்டை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

அவன் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று அடுத்த சனிக்கிழமை என்னைக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளைக்கு அழைத்துப் போனான். ஜாயின்ட் அக்கவுண்ட் வேண்டும் என்றோம். மூக்குக் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி, கல்யாணமாகி எத்தனை நாள் என்று விசாரித்தார். பிறகு, "எப்படி வேணும்? பணம் எடுக்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமா, யாராவது ஒருத்தர் போட்டா போதுமா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் போட்டா போதும்" என்றான் அவன், யோசிக்காமல்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "புரிஞ்சுதாம்மா? நீங்க வந்து முழுசா எடுத்துக்கிட்டுப் போனாலும் நாங்க சாரைக் கேட்க மாட்டோம். அவர் எடுத்தாலும் உங்களைக் கேட்க மாட்டோம்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் கூட இப்படி ஒரு பொறுப்பை யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. முதல் பெயராக என் பெயரை எழுதியிருந்தான்.

என் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஏ.டி.எம்.முக்கு ஒரு சாயங்காலம் தனியாகப் போனேன். வெளியே பழக்கடைகள், பஸ் ஹாரன், ஜி.எஸ்.டி. ரோட்டின் புகை. உள்ளே குளிர். இருப்பு எவ்வளவு என்று பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். அவன் சம்பளம் அன்றுதான் வந்திருந்தது. ஓர் ஆணின் முழுச் சம்பளத்தையும் என் வாழ்நாளில் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அது திரையில், என் கண்ணுக்கு நேராக, யாரும் மறைக்காமல் நின்றது. அம்மா முப்பது வருடம் கூடவே வாழ்ந்தும் பார்க்காத ஒன்றை நான் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டேன். கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் தெரியாமல் காலை வைத்துவிட்டதைப் போல இருந்தது.

காவலாளி கதவைத் தட்டினார். "இன்னாம்மா, மிஷின் துட்டு குடுக்கலியா?"

"குடுக்குது, குடுக்குது."

"அப்ப எடுத்துக்கினு வாம்மா. பின்னாடி ஆளு நிக்குது."

ஒரே ஒரு நூறு ரூபாய் எடுத்துக்கொண்டு வந்தேன். மல்லிகைப்பூவும் ஆரஞ்சுப் பழமும் வாங்கினேன். எதற்கு என்று அன்றைக்கும் அவன் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அந்தக் கணக்கை எப்படிக் கையாள்வது என்று எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றோம். இரண்டு சம்பளமும் முதலில் அதற்குள் போய்விடும். வாடகை, மளிகை, கரண்ட், இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் அனுப்புவது எல்லாம் அதிலிருந்து. பிறகு சொந்தச் செலவுக்கு இருவரும் ஒரே அளவு எடுத்துக்கொள்வோம். அதற்குக் கேள்வி கிடையாது. அவன் சம்பளம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. ஆனாலும் கையில் எடுத்துக்கொள்வது ஒரே அளவுதான். இது அவன் சொன்ன யோசனை. பள்ளி ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது, என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "உன் வீட்டுக்காரருக்குக் கணக்கு வராதா?" என்று கேட்டாள். "இன்ஜினியர்ப்பா" என்றேன். அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள்.

ஒருமுறை வாடகைக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் கீழ்ப் போர்ஷனில் இருந்தார். ரிட்டயர் ஆனவர், அதிர்ந்து பேசாதவர். மாடிப்படி பாதி ஏறி நின்றுகொண்டு, "ஒண்ணும் இல்லம்மா. செக் திரும்பி வந்துருச்சு. சார் வந்தா சொல்லுங்க" என்றார். அந்த மாதம் அவன் தன் அப்பாவுக்கு வலை வாங்கிக் கொடுத்திருந்தான். நான் தபால்வழி பி.எட்.டுக்குப் பணம் கட்டியிருந்தேன். இன்னும் நிறைய இருக்கிறது என்று இருவருமே நினைத்திருக்கிறோம். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அன்று சண்டை பெரிது. அதிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பேச்சு பிறந்தது. காபியோடு உட்கார்ந்து வரப்போகும் வாரத்துச் செலவைப் பேசிவிடுவோம். பெரிய தொகை என்றால் இருவரும் பேசாமல் எடுப்பதில்லை. வங்கி எங்களிடம் ஒரு கையெழுத்துதான் கேட்டது. இரண்டாவதை நாங்களாக வைத்துக்கொண்டோம்.

இரண்டு வருடத்தில் அந்தக் கணக்கில் நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்குப் பணம் சேர்ந்தது. மேடவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து வைத்தோம். மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் ஏரி தெரியும். டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் பில்டரிடம் அட்வான்ஸ் செக் கொடுப்பது என்று முடிவு.

அந்த ஞாயிறு விடிந்து கொஞ்ச நேரத்தில் அலமாரிப் பாத்திரங்கள் கலகலத்தன. கீழே வீட்டுக்காரர், "எல்லாரும் வெளியில வாங்க" என்று குரல் கொடுத்தார். தெருவில் எல்லோரும் போர்வையும் ஸ்வெட்டருமாக நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. பூமி அதிர்ந்ததை அவரவர் சமையலறைக் கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கலைந்தோம். நாங்கள் காபி போட்டு உட்கார்ந்தோம். செக்கில் தொகையை எழுத்தால் எழுத வேண்டும், அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் செல்போன் அடித்தது. கேளம்பாக்கத்திலிருந்து அவன் பள்ளிக்கூட நண்பன். எனக்கே கேட்கும் அளவுக்குக் கத்தினான்.

"மச்சான், கடலு உள்ள வந்துட்ச்சிடா!"

அதோடு லைன் போய்விட்டது.

கடல் உள்ளே வருவது என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரியவில்லை. ஆனால் அவன் பைக் சாவியை எடுத்துவிட்டான். "நீ வராத" என்று மட்டும் சொன்னான். படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

டிவியைப் போட்டேன். மெரினாவில் கார்கள் பொம்மைகளைப் போல மிதந்தன. வரைபடத்தைக் காட்டிக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எங்கோ சுமத்ராவில் பூமி அசைந்து, அது எங்கள் குப்பத்து வாசலுக்கு வந்து நிற்கிறது என்பதை என் மனம் பிடித்துக்கொள்ள மறுத்தது. அவன் செல்போன் தொடர்பில் இல்லை. மத்தியானம் தாண்டிக் கீழ்ப் போர்ஷன் லேண்ட்லைனுக்கு அழைப்பு வந்தது. ஓடினேன்.

"ரெண்டு பேரும் கீறாங்க" என்றான். "அம்மா முன்னாடியே மார்க்கெட்டுக்கு வந்துட்டாங்க. அப்பா ரோட்டாண்ட டீக்கடையில இருந்திருக்காரு, ஓடிட்டாரு. வூடு இல்ல."

"என்ன இல்ல?"

"வூடு இல்ல. அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அப்பாவோட போட்டு ரெண்டா பொளந்து ரோட்ல கெடக்குது."

அவன் என்னிடம் ஒருநாளும் "வூடு" என்று பேசியதில்லை. அன்றைக்கு அவன் வாயில் குப்பத்துப் பேச்சு மட்டும்தான் மிச்சமிருந்தது.

மறுநாளும் அவனைப் போனில் பிடிக்க முடியவில்லை. அரையாண்டு விடுமுறை, பள்ளி இல்லை. வங்கி திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். பில்டருக்கு எழுதிய செக் கைப்பையிலேயே இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். எவ்வளவு எழுதுவது என்று தெரியவில்லை. வீடு போனவர்களுக்கு எவ்வளவு தேவைப்படும்? இதைப் பேசித்தான் எடுக்க வேண்டும், ஆனால் பேச வேண்டியவன் கடற்கரையில் எங்கோ இருந்தான். கவுண்டரில் இருந்தவர் தொகையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவர் ஊர்ல இல்ல" என்றேன் நானாகவே. "அவர் கையெழுத்தும் வேணுமா?"

"வேணாம்மா. உங்க ஒருத்தர் கையெழுத்தே போதும்" என்றார். பணத்தை எண்ணும்போது மெதுவாக, "கடல் பக்கமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சில்லறை நோட்டுகளாக மாற்றிக் கொடுத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் தெரிந்தது.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறிக் கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். மார்கழி, முகூர்த்தம் இல்லாத மாதம். பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்து குப்பத்து ஜனங்களை உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் செருப்பே இல்லை. யாருக்கும் செருப்பு மிஞ்சவில்லை. உள்ளே அவ்வளவு பேர் இருந்தும் சத்தம் இல்லை. குழந்தைகள்கூட அழுது ஓய்ந்திருந்தன.

என் மாமியார் மேடைக்குக் கீழே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவரை நான் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்போதும் நின்றுகொண்டிருப்பார், அல்லது கூடையோடு நடந்துகொண்டிருப்பார். மார்க்கெட்டில் பேரம் பேசினால் தெருக்கோடிவரை குரல் கேட்கும். இப்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை."

"வந்தியாம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "பொட்டி கடலோட பூட்ச்சி" என்றார். "எல்லாம் அதுலதான் இருந்துச்சு. நெறைய பேரு எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தாங்க. அதுவும் பூட்ச்சி."

நான் கைப்பையைத் திறந்து பணக்கட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் திடுக்கிட்டார்.

"இன்னாத்துக்கு எங்கைல குடுக்கற? அவங்கைல குடு."

"உங்க வீட்ல காசு உங்க கையிலதானே அத்தை இருக்கும்."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னை முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டுகளை முந்தானையில் வைத்து முடிந்து இடுப்பில் செருகினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நின்றதும் குரல் திரும்பிவிட்டது.

"ஏ, அந்தப் புள்ளைக்குப் பாலு வாங்கியாந்தீங்களா இல்லியா? இன்னா பாத்துக்கினு கீற, போ! ரெண்டு ஸ்டவ்வு வேணும். பெரிய டபரா எங்கன்னா கெடைக்குதா பாரு. யாருக்கெல்லாம் மாத்துப் பொடவ இல்ல, கைய தூக்கு!"

ஒவ்வொருத்தரிடமும் ஒரு நோட்டைக் கொடுத்து ஓட விட்டார். காணாமல் போனவர்களைத் தேடப் போகும் இளைஞர்களின் பைக்குக்குப் பெட்ரோல் காசு. மருந்துக்குக் காசு. ஒரு கிழவருக்கு பீடிக்குக்கூட மறக்கவில்லை. சற்று முன்வரை உறைந்து கிடந்த அந்த மண்டபம் என் கண்ணெதிரே அசையத் தொடங்கியது. யாரோ அழுதார்கள், யாரோ திட்டினார்கள், யாரோ அடுப்பு மூட்டினார்கள். பணத்துக்கு இப்படி ஒரு சக்தி இருக்கிறதா, அல்லது அது அந்தப் பெண்ணின் கைக்கு இருக்கிற சக்தியா என்று எனக்கு விளங்கவில்லை. மெய்சிலிர்த்துப் போய் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவன் வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறான். சட்டை முழுக்கச் சேறு. நான் எழுந்து போனேன்.

"பேங்க்லேர்ந்தா?"

"ஆமா. உன்னக் கேட்காம எடுத்துட்டேன். போன் கெடைக்கல."

"என்னக் கேட்டுட்டு இருந்தா இன்னைக்கு அடுப்பு எரிஞ்சிருக்காது" என்றான். அவன் கண் அம்மாவிடமே இருந்தது. "நேத்துலேர்ந்து ஒரு வார்த்த பேசல தெரியுமா அது. நான் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன்."

பொங்கல் முடிந்த பிறகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மறுபடி தொடங்கவில்லை. குப்பத்துக்குப் பக்கத்தில் தற்காலிகக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். நிவாரணம் வந்தது, இன்னும் வரும் என்றார்கள். படகுக்கு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்கில் ஃப்ளாட்டுக்கான பணத்தில் பெரும்பகுதி இன்னும் இருந்தது. படகைப் பற்றி அவன் கேட்கவில்லை, அதில் என் சம்பளமும் இருக்கிறது என்பதால். நானும் சொல்லவில்லை, அவன் வீட்டுக்குத் தர்மம் செய்வது போல ஆகிவிடுமோ என்பதால். இருவரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். அவ்வளவு மரியாதை ஒரு வீட்டுக்கு ஆகாது.

ஒரு ஞாயிறு காபி ஆறிக்கொண்டிருந்தது. அவன் டம்ளரை உருட்டிக்கொண்டே, "மேடவாக்கம் வேணாம்னு பில்டர்கிட்ட சொல்லிடலாமா?" என்றான். குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"சொல்லி ஒரு வாரம் ஆச்சு" என்றேன்.

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "ஃபைபர் படகு, இன்ஜின், வலை, எல்லாம் சேத்து எவ்ளோ ஆகும்னு விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றான்.

"தெரியும். உன் சட்டைப் பைய பாத்துட்டுத் தொவைக்கறது யாரு?"

அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

படகு கட்டும் இடத்தில் பணம் கட்டிய அதே மாதம் மாமியார் என்னைக் கேளம்பாக்கத்துக்கு வரச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பேங்குல சேந்து போட்டுக்கினு கீறீங்களே, அந்த மாதிரி எங்களுக்கும் போட்டுக் குடு" என்றார். மாமனாரையும் கூட அழைத்து வந்திருந்தார். புதுச் சட்டை, தலையில் எண்ணெய். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"எம் பேரு இன்னாத்துக்கு? அவ பேர்லயே கெடக்கட்டும். அவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

"அதான் சொல்றேன்" என்றார் மாமியார், வங்கி வாசலிலேயே நின்று. "அன்னிக்கி நா மார்க்கெட்டுல இருந்தேன். வூட்ல இருந்திருந்தா? பொட்டியோட நானும் பூட்டிருப்பேன். ஒனக்கு ஒரு ரூவா எங்க கீதுன்னு தெரியாது. சோத்துக்கு யார் வாசல்ல போயி நிப்ப?"

மாமனார் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். செருப்போடு வரலாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார், மாமியார் கைநாட்டு வைத்தார். முப்பது வருடம் ஒரு பெட்டியைத் தன்னந்தனியாகக் காத்த பெண், அதில் பாதியைத் தன் கையால் இன்னொருவருக்குத் திறந்து வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு அது கடைசிவரை வரவில்லை.

நாங்கள் சொந்த வீடு வாங்க இன்னும் நான்கைந்து வருடம் பிடித்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில், இரண்டாவது மாடியில், கடனோடு. ஏரி தெரியாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அந்த ஏரியைப் பற்றி அவன் எப்போதாவது பேசுவான், நானும் பேசுவேன். வருத்தமாக இல்லை.

படகு தயாராகி வந்தும் மாமனார் அதைத் தொடவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சாப்பிடும்போதும் அப்படித்தான். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வெயில் காலம் வந்தது. ஒருநாள் காலை, மகன் போன் செய்து கேட்டபோது அவராகவே, "வெள்ளிக்கெழம எறக்கலாம், வா" என்றாராம். நான் பள்ளிக்கு லீவு போட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டிருந்தது. கடல் தகடு மாதிரி அமைதியாக இருந்தது. இதுவா அது என்று நம்ப முடியவில்லை. கற்பூரம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். படகைச் சுற்றி ஆட்கள் தோள் கொடுத்து நின்றார்கள். மாமனார் முன்னால் நின்று தண்ணீரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் குனிந்து, தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "தள்ளுங்கடா" என்றார்.

என் கணவன் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கித் தள்ளினான். அலை படகின் மூக்கைத் தூக்கியது. அடுத்த அலை அதை இன்னும் தூக்கியது. மாமனார் ஒரே எட்டில் உள்ளே ஏறி இன்ஜின் கயிற்றை இழுத்தார். அந்த வயதில் அந்த உடம்பு அப்படி வளைந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. தன்னிடமிருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போன தண்ணீருக்குள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அவர் போனார். படகு சிறிதாகி, புள்ளியாகி, வெளிச்சத்தில் கரைந்தது.

மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தார். அதிகம் இல்லை, ஒரு கூடை சங்கரா மீனும் கொஞ்சம் நண்டும்தான். மாமியார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மணலில் கூடையைக் கொட்டினார். சுற்றிக் கூட்டம் கூடியது. "யார் எவ்ளோ சொல்றீங்க, சொல்லுங்க" என்று அவர் ஏலத்தைத் தொடங்கிய குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு குப்பம் முழுக்கக் கேட்டது.